நாற்பத்து மூன்று நாள்

பெரம்பூரில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை எனக்கு.
ஒரே காலையில் இரண்டு பூங்கொடி வந்தால்
வயதைக் கேட்பேன், தகப்பன் பெயரைக் கேட்பேன்,
ஊசி குத்துமுன் இன்னொரு தரமும் கேட்பேன்.
ஒருத்தியின் சர்க்கரை
இன்னொருத்தியின் தாளில் ஏறிவிடக் கூடாது.

ஓசூரில் எவளோ ஒரு பூங்கொடி
இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் வாங்கி
ஏழாம் தவணையோடு நிறுத்திக்கொண்டாள்.
அது என் தாளில் ஏறிற்று.
அங்கே யாரும் தகப்பன் பெயர் கேட்கவில்லை போல.

எனக்குத் தெரிந்தது ஆடிப்பெருக்கன்று.
ஸ்கூட்டி ஷோரூமில் பையன்
திரையை என் பக்கம் திருப்பினான்.
ஐந்நூற்றுப் பதினொன்று.
பரீட்சை எழுதாமலே ஃபெயில்.

மெயில் போட்டேன், புகார் எண் வந்தது.
மறுபடி போட்டேன், வேறொரு எண்.
கடன் கொடுத்த கம்பெனி
மார்க் போட்ட கம்பெனியைக் கேள் என்றது.
மார்க் போட்டவர்கள்
கொடுத்தவர் சொன்னதைத்தான் எழுதுவோம் என்றார்கள்.
மாதாமாதம் அந்தப் பொய்
புத்தம் புதுசாய்ப் புதுப்பிக்கப்பட்டது.

வக்கீல் நஸ்ரினின் முதல் கேள்வி:
"வியாஜ்ஜிய மூலம் எழுந்தது எந்த நாள்?"
ஃப்ரிட்ஜ் லாரியில் ஏறிய நாளா,
ஷோரூம் திரை திரும்பிய நாளா,
கடைசி மெயிலில் 'வருந்துகிறோம்' வந்த நாளா?
"அந்த நாளிலிருந்து ரெண்டே வருஷம்" என்றாள்.
விரல் விட்டு எண்ணினோம்.
ஆடிப்பெருக்கை வைத்து எண்ணினால்
நாற்பத்து மூன்று நாள் தாண்டியிருந்தது.
மெயிலை வைத்தால் தாண்டவில்லை.
"ரெண்டையும் சொல்வோம்,
ஆனாலும் ஒரு தாமத மன்னிப்பு மனு போட்டு வைப்போம்."
மன்னிப்பு.
கேட்க வேண்டியது நான்.

நோட்டீசுக்கு வந்த பதில் இன்னும் விசேஷம்.
ஒப்பந்தம், பதினான்காம் பக்கம், எறும்பெழுத்தில்:
சகல தாவாக்களும் மும்பை நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டவை.
கீழே கையெழுத்து.
அது என் கையெழுத்தில்லை என்பதுதானே ஐயா வழக்கே!
நான் போடாத கையெழுத்து
என்னை மும்பைக்கு ரயிலேறச் சொல்கிறது.

நஸ்ரின் சிரித்தாள்.
"நீ குடியிருக்கிற ஊரிலேயே போடலாம், சட்டம் இருக்கு.
வாடகை ரசீது மட்டும் கொண்டு வா."
ஓட்டேரி நாலா ஓரம், மூன்றாவது மாடி.
மழைக்கு மழை வாசல்வரை வந்துபோகும் அந்தச் சாக்கடை
முதல் தடவையாக எனக்குச் சாட்சி சொல்ல வந்தது.

பிறகு நாள்களுக்குக் கணக்கு எழுதினோம்.
டெங்கு சீசன், லீவு கிடையாது: பதினொன்று.
தம்பிக்குக் கால் முறிந்து ஸ்டான்லியில்: பதினாறு.
ஓசூர் போய்க் கடையைத் தேடியது: இரண்டு
(இப்போது அங்கே பிரியாணி).
ஜெராக்ஸ், நோட்டரி, நோட்டரிக்கு மாமியார் காரியம்: பதின்மூன்று.
நாற்பத்திரண்டு ஆயிற்று.
ஆகஸ்ட் இருபத்தேழு மட்டும் மிஞ்சியது.

ஞாயிறு.
தலைக்குக் குளித்தேன், மத்தி மீன் குழம்பு,
ஃபேனுக்கடியில் படுத்தேன்.
எழுந்தபோது இருட்டியிருந்தது.
"காய்ச்சல்னு போட்டுடவா?" என்றாள் நஸ்ரின்.
வேண்டாம் என்றேன்.
என் பெயரில் இன்னொரு பொய்த் தாள் வேண்டாம்.
பென்சிலில் ஏதோ எழுதினாள், அழித்தாள்,
கடைசியில் 'ஓய்வு' என்று நிறுத்தினாள்.
நிற்குமா தெரியாது.

ஆணையத்துக் கவுன்ட்டரில்
மூன்று பிரதி, ஒரு தலைமுடிச் சுருள் போல நாடா.
குமாஸ்தா முத்திரையை ஊதி ஓங்கிக் குத்தினார்.
பார்த்தேன்.
"சார், தேதி நேத்தைது."
அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்,
மறுபேச்சு பேசவில்லை.
ரப்பர் சக்கரத்தைக் கட்டைவிரலால் ஒரு திருகு.
அடித்து, பக்கத்தில் புதுசாய்க் குத்தி,
சுருக்கொப்பமும் போட்டார்.

அவ்வளவுதான் ஆயிற்று.
அரை நிமிஷம் இருக்கும்.